ரிமோட் இல்லாத மீட்புப் படகு

அண்ணா, இதை அண்ணியிடம்கூடக் காட்டாதே. அப்பாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார். எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளைத் தூக்கிய மீட்புப் படகின் மாதிரியை அப்பா முடித்துவிட்டார். தீக்குச்சியில் ஸ்ட்ரெச்சர்கூடச் செய்திருக்கிறார். ரிமோட்தான் இல்லை, அவரோடு சண்டை போட்டுப் போனபோது நீ எடுத்துப் போய்விட்டாயே!

"அவன்கிட்ட போய்க் கேக்குறதா? கயிறு கட்டி விடுவேன்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் விடுகிறார். கயிறு அறுந்தால் பின்னாலேயே இறங்கிவிடுவார். நீச்சல் தெரியாது. அம்மா கத்தினால், "முழங்கால் தண்ணிதான்டி" என்கிறார்.

உங்கள் இருவரின் வீம்புக்கு நடுவே நான் என்ன, மத்தளமா? ரிமோட்டோடு வந்து தொலை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான்.

"லைட் எரியுதே, அவனுக்குத்தான எழுதுற? புது பேட்டரி போட்டு எடுத்துட்டு வரச் சொல்லு."