கருகிப்போன பூநாரைகள்

சனிக்கிழமை, ராத்திரி

நெனைக்க நெனைக்க அருவருப்பா இருக்கு. இன்னிக்கு தேர்வாய் கண்டிகையில எங்க கம்பெனி ஆண்டு விழா. நானும், பேக்கிங்ல என் பக்கத்துல உக்கார்ற ரேவதியும் அட்டையில செஞ்ச பூநாரைக் கூட்டத்த ஹால்ல வெச்சிருந்தோம். ஒவ்வொரு பறவை வயித்துலயும் ஒரு எல்.இ.டி. பல்பு. பறவை மேல கை நிழல் விழுந்தா செவப்பா எரியும். யூடியூப் பாத்து, எத்தனையோ பல்பக் கருக்கின அப்புறம்தான் கரண்ட்ட அளவா வுடுற ரெசிஸ்டர் எதுக்குன்னே எங்களுக்குப் புரிஞ்சிது.

சீஃப் கெஸ்ட் உள்ள வர்ற நேரத்துல சூப்பர்வைசர் வந்தாரு. "இன்னாமா, வெளிச்சமே பத்தல"ன்னு பேட்டரியக் கழட்டிட்டு, எங்கயோ கெடந்த பெரிய அடாப்டர எடுத்து மாட்டினாரு.

"சார், வேணாம், தாங்காது"ன்னேன். காதுலயே வாங்கல. பளிச்சுன்னு ஒருவாட்டி எரிஞ்சிது. அப்புறம் பொகைதான்.

"பொண்ணுங்க செஞ்சது சார், வயரத் தப்பா குடுத்துட்டாங்க"ன்னு கெஸ்ட் கிட்ட சிரிச்சிக்கினே சொன்னாரு அந்த ஆளு.

அதுகூடப் போவட்டும். ரேவதி, "ஆமா சார், நாங்கதான் மாத்திக் குடுத்துட்டோம்"ன்னு கூடவே சிரிச்சா.

வேன்ல வரும்போது, "ஏன்டி அப்டி சொன்ன?"ன்னு கேட்டேன்.

"வுடுடி. லைன் லீடர் வேலைக்கு என் பேர சொல்றேன்னிருக்காரு"ன்னா, ஜன்னலப் பாத்துக்கினே.

ஊட்டுக்கு வந்து ஒரே ஒரு பறவைக்குப் புது எல்.இ.டி. வெச்சேன். எரியுது. பாக்கப் புடிக்கல, அணைச்சிட்டேன். திங்கக்கிழமை மறுபடியும் அவ பக்கத்துலதான் உக்காரணும்.