அச்சை எங்கே வைப்பது

1971 ஆகஸ்ட் 6, வெள்ளி.

நான் கட்டிய டிரெய்லர் இன்று ஒரு பெண்ணைக் கொன்றிருக்கும்.

பழுதான ஜீப்புகளை ஒர்க்‌ஷாப்புக்கு ஏற்றிவர டிரெய்லரை விலைக்கே வாங்கிவிடலாம் என்றார் மச்சான். "படிச்சவரு நீங்க, கட்டிருவீங்களாக்கும்?" என்று என் மனைவி எதிரிலேயே சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே கட்டினேன்.

வெல்டர் யேசுதாஸ் போன வாரமே சொன்னான். "அச்சு ரொம்ப முன்னால கீது சார். பின்பாரம் ஆயிடும், ஓடறப்போ வாலாட்டும்."

"இது மாட்டு வண்டி இல்லப்பா" என்று அவன் வாயை அடைத்தேன்.

இன்று ஜீப்பை ஏற்றிக்கொண்டு, அவன் டிராக்டர் ஓட்ட, புதுவாயலிலிருந்து பெரியபாளையம் சாலையில் போனோம். வேகம் கூடியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக வீசியடித்தது. ஆடி வெள்ளிக்குக் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஒருத்தி தலையிலிருந்த பொங்கல் பானை விழுந்து, சக்கரம் அதன்மேல் ஏறியது. ஒரு சாண் தள்ளியிருந்தால் அவள் கால்.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சு, பாவி?" என்று கத்தினாள். யேசுதாஸ் இறங்கி ஓடி அவள் காலில் விழுந்தான். நான் டிராக்டரை விட்டு இறங்கவில்லை.

"காலையில அச்சைப் பின்னால தள்ளிக்கலாமா சார்?" திரும்பி வந்ததும் அவ்வளவுதான் கேட்டான். குத்திக்காட்டியிருந்தால் திட்டியிருப்பேன். தலையாட்டினேன்.

நாளை பத்து மணிக்கு மச்சான் வருகிறார். எப்படியும் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கும். யேசுதாஸ்தான் நான் சொன்ன இடத்தை விட்டு அச்சை முன்னால் ஒட்டிவிட்டான் என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அவன் மறுக்கவும் மாட்டான்.