கோபக்காரப் பேய்க்குக் குரல் கொடுத்தவர்

அண்ணை,

போன ஞாயிறு மகள் ஒரு தாய்லாந்துப் படம் போட்டாள். பழிவாங்க வந்த பெண்பேய் அகப்பையும் கையுமாகப் புருசனைத் துரத்துகிறது. அவன் தண்ணீர்ச் சாடிக்குள் இறங்கி, மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். அப்பாவுக்குப் பேயென்றால் பயம் என்று தாயிடம் அவள் சொன்னது கேட்டது. பயமில்லை, அண்ணை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த ஆர்ச்வே வீட்டில் நீங்கள் குரல் கொடுத்த அதே படம் அது.

எண்பதுகளின் கடைசி. அந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நீங்கள் கோப்பை கழுவிய உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்த தாய்லாந்துக்காரி தந்த வீடியோ கசெற். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. நீங்கள் டிவிக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டியிருந்து எல்லாருக்கும் தமிழ் பேசுவீர்கள். புருசனுக்கு உங்கள் சொந்தக் குரல். பேய்க்கு மட்டும் ஒரு பெண்குரல்.

"இஞ்சாருங்கோ, என்னையும் அங்க கூப்பிடுறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனீங்கள்? நான் அங்க காத்துக்கொண்டிருக்க, நீங்கள் இஞ்ச சாடிக்குள்ள இருக்கிறியளோ?"

மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். ஊரில் சண்டையில் செல்குண்டு விழுந்து உங்கள் மனைவி செத்துப்போன செய்தி வந்து அரை வருடம்கூட ஆகவில்லை. மாதக்கணக்காக வாய் திறக்காமல் கிடந்த மனுசன் பகிடி விடுகிறார், தேறிவிட்டார் என்று எங்களுக்கு நிம்மதி. ஒவ்வொரு ஞாயிறும் அதே படம். பேய் ஏச ஏச, நீங்கள் அதற்கு மறுமொழி சொல்லுவீர்கள், மன்னிப்புக் கேட்பீர்கள், திரும்பவும் சண்டை பிடிப்பீர்கள்.

அந்த வீட்டில், ஊரில் உங்கள் ஒழுங்கையிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியைக் கடைசியாகக் கண்டவனும் நான்தான். ஒரு ஞாயிறு மத்தியானம், படம் முடிந்த பிறகு, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"உண்மையாச் சொல்லு. அவள் என்னில கோவமா இருந்தவளோ?"

"சீச்சீ, ஒரு கோவமும் இல்லை அண்ணை. சிரிச்ச முகத்தோடதான் என்னை வழியனுப்பினவ."

பெரிய தருமப்பிரபு நான். பொய் சொல்லி ஒரு மனுசனை ஆற்றிவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் "அப்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு பெடியள் படத்தைப் போடச் சொன்னார்கள். கசெற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். ஏன் அண்ணை என்று பிறகு தனியாகக் கேட்டேன்.

"கோவமில்லாதவள் ஏனடாப்பா வரப்போறாள்?"

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் யாரோடும் பகிடி விடவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை. நான் கலியாணம் கட்டி ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் காண்பேன். ஷிப்டைப் பற்றிப் பேசுவீர்கள், குளிரைப் பற்றிப் பேசுவீர்கள், அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அவவோடு பேச உங்களுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கோபம்தான். அதை நான் பறித்துவிட்டேன் என்று மெல்ல மெல்ல விளங்கியது. சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். இவ்வளவு காலம் கழித்துச் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்ற வெட்கம். தொண்ணூறுகள் முடிய முன்னமே நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் ஒருவர் என் கையைப் பிடித்து, நான் சொன்ன ஆறுதலில்தான் நீங்கள் இவ்வளவு காலம் இருந்ததாகச் சொன்னார். நான் அந்த இடத்தில் தலை நிமிரவில்லை.

அக்கா சிரிக்கவில்லை, அண்ணை. நான் வெளிக்கிட்ட அன்று வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, கண் சிவக்க நின்றா. உங்களிடம் சொல்லச் சொல்லி அவ தந்துவிட்ட சொல்லை நான்தான் கொண்டுவந்து தரவில்லை.

"என்ர கையில ஆப்பிடட்டும், இருக்கு அவருக்கு. எங்க போனாலும் விடமாட்டன் எண்டு சொல்லு."