வீடு மாறி வந்தவர்

தையல் மெஷின் மேல் ஒரு ரோஸ் கலர் நோட்டீஸ் கிடக்கிறது. டூரிங் டாக்கீஸ்காரர்களின் வண்டி தமுக்கடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியே போனபோது வீசிவிட்டுப் போனது. அன்றைக்கு மைகூடக் காயவில்லை, விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. கசக்கிப் போடப் போனவள் படத்தின் பேரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த கடைசிப் படம்.

நம் பிள்ளையை நம் வீட்டுக்கு வரவிடாமல் செய்த படம் என்றுதான் இத்தனை வருஷமும் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு திண்டுக்கல் வீட்டைக் காலி செய்துவிட்டு, தையல் டீச்சர் வேலை கிடைத்து இந்தச் சின்னாளப்பட்டிக்கு வந்தேன். இங்கே நெசவுத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து உங்களைத் திட்டிய நாட்களில் அந்தப் படத்தையும் சேர்த்தே திட்டியிருக்கிறேன்.

சரசு பிறந்தபோது எனக்கு வந்த காய்ச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். கண் திறந்து பிள்ளையின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்த மாதம்தான் ஒட்டன்சத்திரத்தில் உங்கள் அக்காவுக்குப் பிறந்த குழந்தை தங்காமல் போனது. அந்த மதினிதான் வந்து, மார்பில் கட்டிய பாலோடு நம் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போனார். “உடம்பு தேறட்டும், கொண்டாந்து விட்டுர்றேன்” என்றார். உடம்பு தேறியது. பால் மறக்கட்டும் என்றார். பால் மறந்தது. ஊரில் அம்மை நடமாடுகிறது, மழை விழட்டும் என்றார். மழையும் விழுந்தது. அதற்குள் சரசு அவரை அம்மா என்றும், உங்களை மாமா என்றும், என்னை அத்தை என்றும் கூப்பிடப் பழகிவிட்டாள்.

நான் விடவில்லை. விஜயதசமிக்குப் பிள்ளையைத் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். நீங்களும் சரி என்றீர்கள். நீங்கள் கணக்கு எழுதிய தோல் ஷாப்பின் முதலாளி பாயிடம் இரண்டு நாள் லீவுகூடச் சொல்லிவிட்டு வந்தீர்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், “பகல் ஆட்டம் போயிட்டு வருவமா? பிள்ளை வந்துட்டா அப்புறம் எங்க நேரம்?” என்று நீங்களே கேட்டீர்கள்.

திருவிழாக் கூட்டத்தில் மகனைத் தொலைத்துவிட்ட ஒருவர் ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போகிற கதை. நான் பாதிப் படத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் யாரோ அடையாளம் சொல்லி ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறார். பையன் உள்ளேயிருந்து ஓடி வருகிறான். நெற்றியில் அதே தழும்பு. கொட்டகையே கைதட்டியது. அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்க்கிறாள். இவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். “யாரைத் தேடி வந்தீங்க?” என்று அவள் கேட்கிறாள். “வீடு மாறி வந்துட்டேம்மா” என்கிறார். அப்படியே திரும்பி, வந்த வழியே நடந்து போய்விடுகிறார்.

படம் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாருமே எழுந்திருக்கவில்லை. அப்புறம் தரை டிக்கெட்டில் ஒரே விசில். “ஏலே ஆபரேட்டரு, கடைசி ரீல எங்கடா வித்த?” என்று ஒருவன் கத்தினான். லைட்டைப் போட்ட பிறகும் பாதிப் பேர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். நீங்கள் மட்டும் தலையைக் குனிந்து, துண்டை மடித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

மலைக்கோட்டையை ஒட்டிய தெருவில் நடந்து வந்தோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

“ஏங்க, பெத்த அப்பன்தான அவன்? நான்தான் உன் அப்பன்னு சொல்ல வாய் வரலையா?”

“சொல்லி?”

“சொல்லிக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான.”

நீங்கள் நின்றுவிட்டீர்கள். “செத்த நேரம் நிப்போம்” என்று ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டீர்கள். படத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“அவன் செஞ்சதுதான் சரி புள்ள” என்றீர்கள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள். “சரசு அங்கயே இருக்கட்டும்.”

அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுதவில்லை. விஜயதசமி வந்தது, போனது. அதற்கப்புறம் நீங்கள் ஒட்டன்சத்திரம் போவதையே நிறுத்திவிட்டீர்கள். நான் மட்டும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போய், அத்தையாக இருந்துவிட்டு வந்தேன். ஒரு சினிமாவைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை விட்டுக்கொடுத்த மனுஷன் உலகத்தில் உண்டா என்று உங்கள் காதுபடவே கேட்டிருக்கிறேன். அப்போதும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் வேலைக்குப் போன இடத்தில் விழுந்தீர்கள். பாய்தான் வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

காரியம் முடிந்த அன்று மதினி என்னைத் தனியே கூப்பிட்டு உட்கார வைத்தார். “நெஞ்சுல கோளாறு, ரொம்ப நாள் தாங்காதுன்னு அவனுக்கு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. நீ விஜயதசமிக்குப் பிள்ளையக் கூப்பிட்டியே, அதுக்கு முந்தியே. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு தன் தலையில என் கைய வச்சுச் சத்தியம் வாங்கிட்டான்.” அப்புறம் அவரே அழுதார். “நீ வேணும்னா கூட்டிட்டுப் போ, நான் தடுக்கல.” சரசு முற்றத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏன் அழுகிறாள் என்று பயந்துபோன பார்வை அது. நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அன்றைக்கு என்னிடம் இருந்தது இந்தப் பழைய தையல் மெஷின் ஒன்றுதான். என் ஒரு வயிற்றுக்கே வழி தெரியாத நேரம்.

விஷயம் தெரிந்தபின் உங்கள் மேல் கோபம் குறையவில்லை, கூடியது. நோயை மறைத்துவிட்டுப் படத்தின் மேல் பழியைப் போட்டீர்கள் என்று நினைத்தேன். கணக்குப்பிள்ளை கணக்குப் பார்த்துப் பிள்ளையை விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நோட்டீஸைப் பார்த்த மறுநாள், பக்கத்து வீட்டு மரியம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு முதல் ஆட்டத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மணல் தரையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். கதை தெரிந்ததால் அழுகை வரவில்லை. கடைசிக் காட்சியும் வந்தது.

முதல் தடவை அந்தத் தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எப்போது உண்மையைச் சொல்லப்போகிறார் என்று. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்பது தெரியும். அதனால் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பையன் ஓடி வரும்போது படியில் கால் இடறி விழுகிறான். அழுதுகொண்டே எழுந்திருக்கிறான். இவர் தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் நீட்டிவிடுகிறார். பிள்ளை அந்தக் கைகளை உரசிக்கொண்டு தாண்டி ஓடி, பின்னால் வந்த அந்த அம்மாளின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். நீட்டிய கைகள் அப்படியே நிற்கின்றன. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். அப்போதுதான் அவர் அந்தக் கைகளை மெதுவாக ஒன்றுசேர்த்து, தண்ணீர் ஏந்துவதுபோல் குவிக்கிறார். “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.”

அன்றைக்கு அவருக்குத் தாகம் என்று நினைத்தேனே. கொட்டகை முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கும். நீங்கள் ஒருவர்தான் கையைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கு ஒட்டன்சத்திரத்து வாசல் ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் படத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் நாம் இரண்டு பேரும் போயிருந்தோம். கிளம்பும்போது, “வா கண்ணு, மாமாகிட்ட வா” என்று நீங்கள் கூப்பிட்டீர்கள். அவள் மதினியின் இடுப்பை இன்னும் இறுக்கிக்கொண்டு, “போயிட்டு வாங்க மாமா” என்றாள். அந்த ஊர் மரியாதைப் பேச்சு அவள் வாயில் அழகாக இருந்தது. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நோய் இல்லாமல் நீங்கள் நூறு வருஷம் இருந்திருந்தாலும் அவளை அந்த இடுப்பிலிருந்து பிரித்திருக்கமாட்டீர்கள் என்று இப்போது படுகிறது. சொல்லத் தெரியாமல்தான் அந்தப் படத்தைச் சாட்சிக்கு இழுத்தீர்கள்.

“என்னக்கா இப்படி முடிச்சிட்டான், கிறுக்குப் பய” என்றாள் மரியம்மாள், சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே. நல்ல படம் மரியம்மா என்றேன். அதற்குமேல் எதை விளக்குவது?

நல்ல படம்தான். அதை நான் சொல்லிக் கேட்க நீங்கள் இல்லை. புரிந்துகொண்டதால் ஒன்றும் திரும்பி வரப்போவதும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரம் போனேன். சரசுவிடம் சொல்லிவிடலாமா என்ற எண்ணம் பஸ்ஸில் இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே அது போய்விட்டது. மதினிக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. சரசு எண்ணெய் காய்ச்சி ஊற்றி நீவிக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள், தாவணி போடுகிறாள். எனக்குச் சோறு போட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வைத்து, “இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அத்தை” என்று பக்கத்திலேயே நின்றாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவளும் வந்தாள். மார்க்கெட் வாசலில் கேரளாவுக்குப் போகிற லாரிகளில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. ஓரமாக நின்றோம்.

“அத்தை, ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“மாமா எப்படி இருப்பாருங்க? என் ஜாடை அப்படியே அவரு ஜாடைன்னு அம்மா சொல்றாங்க. எனக்கு அவரு முகமே ஞாபகம் இல்லீங்க.”

உண்மை வாய்வரைக்கும் வந்தது. “உயரமா இருப்பாரு” என்றேன். “கொஞ்சம் குனிஞ்சாப்ல நடப்பாரு.”

“அவ்வளவுதானுங்களா?”

“பஸ் வந்துருச்சு கண்ணு.”

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திண்டுக்கல் வரைக்கும் உங்கள் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாம் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. மதினியைக் கேட்டால் நீங்கள் சின்னப் பையனாக இருந்த முகத்தைத்தான் சொல்வார். பாய் காலமாகிவிட்டார். உங்கள் முகத்தை வைத்திருக்கிறவள் இனி நான் ஒருத்திதான். அதிலும் இடது பக்கம்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. நடக்கும்போது எப்போதும் அந்தப் பக்கம்தானே வருவேன், ஒரு எட்டுப் பின்னால். காதோரத்து நரை, தாடையில் சவரக்கத்தி பட்ட கோடு, இவ்வளவுதான் மிச்சம். வலது பக்கத்தை எவ்வளவு முயற்சி செய்தாலும் கொண்டுவர முடியவில்லை.