மதினியின் பெட்டிக்குள் இருந்த பூண்டெண்ணெய்

மதினி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று உங்கள் தகரப்பெட்டியைக் குடைந்தேன். சேலைகளுக்கு வெயில் காட்டப் போவதாக அண்ணனிடம் புளுகிவிட்டு நான் தேடியது என் பூண்டெண்ணெய்ப் புட்டியை. இருபத்திரண்டு வருஷச் சந்தேகம். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை.

அடிச்சேலைக்குள் இருந்தது. மூடியைத் திறந்ததும் காறல் வாடை மூக்கில் ஏறியது.

ஏலத்தோட்ட லயத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. சளி பிடித்தால் காதைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பு இறங்கும்போது கேட்கவே வேண்டாம். போடி டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மூக்கிலிருந்து கிருமி உள்வழியாகச் செவிப்பறைக்குப் பின்னால் போய்விட்டது, அதை எதிர்க்க உடம்பு தன் படையை அனுப்பியிருக்கிறது, அந்தச் சண்டையில்தான் வீக்கமும் வலியும் என்றார். பிள்ளையின் படை இன்னும் கிருமிகளை அடையாளம் கண்டு பழகவில்லையாம். வளர வளரத் தேறிவிடுமாம். வலிக்கு மருந்து கொடுத்து, இரண்டு நாள் பார்க்கச் சொன்னார். காதில் எதையும் ஊற்றக் கூடாது, சீழ் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும்.

ஊசி போடாத டாக்டரை நான் எப்படி நம்புவேன்?

"படையாம்ல மதினி! இவ காதுக்குள்ள என்ன பாளையமா கட்டியிருக்கு?"

"வாய மூடு. ரெண்டு நாள் பொறு."

"உங்க மகனா இருந்தா பொறுப்பீகளா?"



மறுநாள் சீழ் வடிந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள். காதே போய்விட்டது என்று நினைத்தேன். பூண்டெண்ணெயைச் சூடாக்கிக் காதில் ஊற்ற ஓடினால் புட்டியைக் காணோம். "எனக்கென்ன தெரியும்? வெரசா ஜீப்புக்கு வா" என்றீர்கள். முகத்தில் திருட்டுக்களை.

செவிப்பறையில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் வெளியேறியதால்தான் வலி குறைந்தது, ஓட்டை மூடிக்கொள்ளும் என்று சொல்லி டாக்டர் மருந்து கொடுத்தார். அதையும் நம்பாமல், ஒரு மாதம் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் பொட்டலத்தைக் கசக்கினேன். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள். "ஏத்தா, நீ காதைப் பாக்குறியா, அவ வயித்தப் பாக்குறியா?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. புட்டியைத் தூக்கி உங்கள் மகன் காதில் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே நினைத்தேன்.

நேற்று பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. என் கைக்கு எட்டாமல் வைக்கத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

சந்தேகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மதினி. இப்போது என் கையின் மேல். பேரனுக்கும் அதே காது வலி. அவன் அழுதால் இந்தக் கை சும்மா இருக்காது. அதனால் இன்று மகளோடு அவனை டாக்டரிடம் கொண்டுபோகையில், போடியில் வீசிவிடலாம் என்று புட்டியை மடியில் கட்டிக்கொண்டேன்.

நாலாவது வளைவில் மூடி கழன்றது. எண்ணெய் என் மடியை நனைத்து, காறல் வாடை ஜீப்பை நிறைத்தது. டிரைவர் ஜீப்பை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டார். பேரன் அழுகையை நிறுத்தித் தும்மினான். மீதி வளைவுகளுக்கு அவனை மகள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தேன்.