கதவில் மாட்டிய பலகை

அன்பு மகளுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் அம்மாவும் நல்லபடி இருக்கிறோம், நீயும் அப்படியே இருந்தால் எங்களுக்கு அது போதும். இத்தனை வருடம் மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தார், இனி அவர் வேண்டாம். இந்த ஒரு தாளுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. என்ன, புஸ்தகமா போடப் போறீங்க என்று அம்மா கேலி செய்கிறாள். செய்யட்டும். அவளுக்கு முழங்கால் வலி தேவலை.

எனக்கு ஒரு குழப்பம், உன்னிடம்தான் கேட்க முடியும். நான் குழாய் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. போன வருடம்வரை பையன்களோடு உட்கார்ந்தது, இப்போது பெண்பிள்ளைச் சீருடையில் வருகிறது. திருநங்கை என்று தலைமையாசிரியை விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். பையன்கள் கழிப்பறையில் ஒரே கேலி, பெண்கள் பக்கம் அனுப்பினால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த கழிப்பறையைச் சரிசெய்யச் சொன்னார். ஆசை ஆசையாய்ச் செய்தேன், புதுக் குழாய், புதுத் தாழ்ப்பாள், முகம் பார்க்க ஒரு கண்ணாடி. அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதக் கற்றதிலிருந்து என் கை சும்மா இருப்பதில்லை, மோட்டார் அறை, ஏணி, வாளி எல்லாவற்றிலும் பெயர் எழுதியாகிவிட்டது. அந்தக் கதவிலும், ஒன்பதாம் வகுப்புத் திருநங்கை மாணவிக்கு மட்டும், வேறு யாரும் நுழையக் கூடாது என்று நீலப் பெயிண்டில் எழுதி ஒரு பலகை மாட்டினேன். பிழையே இல்லை என்று தமிழாசிரியர் பாராட்டினார்.

மறுநாளிலிருந்து பிள்ளை அந்தப் பக்கமே வரவில்லை. வேறெங்கும் போகவும் இல்லை. போகாமல் இருப்பதற்காக நாளெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறது, நாலாம் நாள் மைதானத்தில் சுருண்டு விழுந்தது. மூத்திரத்தில் ரத்தம், ஆஸ்பத்திரியில் ஊசி. அதன் அம்மா, தையல்காரி, நேரே என்னிடம் வந்து, ஏன் பெரியவரே, ஊரே படிக்கட்டும்னா எழுதி மாட்டினீங்க, இனிமே பள்ளிக்கூடமே வேணாம்னு படுத்திருக்குது என்றாள். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா என்றேன். தெரியறது வேற, கதவுல மாட்டறது வேற என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்லதைத்தானே செய்தேன், எங்கே தப்புச் செய்தேன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பலகையைக் கழற்றி எழுத்தின்மேல் வெள்ளை அடித்தேன்.

பிறகு தலைமையாசிரியை மேசை இழுப்பறையிலிருந்து கல்வித்துறை அனுப்பிய ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். பிள்ளை தனக்கு ஏற்ற கழிப்பறைக்கே போகலாம் என்று அதில் முன்பே இருந்ததாம். எழுத்துக்குப் புதியவன் நான் முழித்தது சரி, படித்தவர்கள் ஏன் படிக்கவில்லை? இது இன்னொரு குழப்பம். பெண்கள் பக்கமே போகட்டும் என்று முடிவானதில் ஒரு மாணவியின் தகப்பனார் இன்னும் முறைத்துக்கொண்டு திரிகிறார். வகுப்புப் பெண்களோ, எங்க பக்கத்துலதானே உட்கார்றா, எங்களோட வந்துட்டுப் போறா, இதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு என்று முடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை பிள்ளை வந்தது. அவர்களோடு பெண்கள் கழிப்பறைக்குள் போனது, கண்ணாடி முன்னால் தள்ளுடி, நீ தள்ளுடி என்று சண்டை வெளியே கேட்டது. திரும்பும்போது என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் குடிதண்ணீர்க் குழாயில் பாட்டிலை வாய்வரை நிரப்பி, அங்கேயே நின்று பாதியைக் குடித்தது. எனக்கு அது போதும். மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டுமா, அல்லது இனி நான் எதையும் எழுதாமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நல்லதா? யோசித்துச் சொல்.

நீயும் வேலை மும்முரத்தில் அடக்கிக்கொண்டு உட்காராதே, தண்ணீர் குடி. நோய்நொடி இல்லாமல் நன்றாய் இரு அம்மா.

உன் பதிலை நானே படிக்கக் காத்திருக்கும்
அப்பா