கையெழுத்துப் போட வேண்டாம், தம்பி

ஸ்டுட்கார்ட்,
செப்டெம்பர் முதல் ஞாயிறு

அன்புள்ள தம்பி டக்ளசுக்கு,

ஆண்டவரின் சமாதானம் டொரொன்டோவில் உங்களோடும் டெல்சியோடும் பிள்ளைகளோடும் இருக்கட்டும். டெல்சியின் முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததென்று மகள் மெலனி சொன்னாள். படி ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது நோகிற காலையும் முதலில் வைக்கச் சொல்லுங்கள்.

இங்கே பிளம்ஸ் பழங்கள் விழத் தொடங்கிவிட்டன. பொறுக்க ஆளில்லை. உங்கள் ஜேசுரட்ணம் அண்ணைக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், நடக்கிறார். மற்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இங்கே இருந்த காலத்தில் இவரோடு சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய நாலு இருக்கை விமானத்தின் வட்டக் கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு பெரிய திரைகளும் புது ரேடியோவும் பூட்ட இவர் ஏற்பாடு செய்திருக்கிறார். உரிமையாளர் இருவரும் ஒப்பமிட்டால்தான் பட்டறை வேலையைத் தொடங்கும். “பாதுகாப்புக்குத்தானே அண்ணை, போடுவம்” என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்களாம். அதை இவர் ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி போல எனக்குச் சொல்கிறார்.

கையெழுத்துப் போட வேண்டாம், தம்பி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் நானும் சரி என்றுதான் சொன்னேன். கருவிகள் பழையவை, அது உண்மை. புதுத் திரை, ‘மலை வருகிறது, வேறு விமானம் வருகிறது’ என்று முன்கூட்டியே எச்சரிக்குமாம். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஜூனில் ஒருநாள் போடன்சே ஏரிப் பக்கம் பறந்துவிட்டுத் திரும்பினோம். இறங்குமுன் தளத்துக்கு ரேடியோவில் அறிவிக்க வேண்டும் அல்லவா? இவர் அறிவித்தார், தமிழில். “வடக்குப் பக்கத்தால வாறன், இறங்கப் போறன்” என்று மிகத் தெளிவாகச் சொன்னார். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று தளத்துப் பொறுப்பாளர் பிரெண்ட்லே ஜெர்மனில் கேட்டார். இவர் குரலை உயர்த்தி அதையே தமிழில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “உவனுக்கென்ன, காது செவிடோ?” என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். முகத்தைப் பார்த்தபோது பகிடி இல்லை. நான் பொத்தானை அழுத்தி ஜெர்மனில் அறிவித்தேன். சக்கரம் நிலத்தைத் தொட்டதே தெரியாமல் இறக்கினார். அந்தக் கைக்கு இன்னும் ஒன்றும் மறக்கவில்லை.

இறங்கியதும் பிரெண்ட்லேயிடம் போய், ரேடியோ பழுது, நான் சொல்வது உங்களுக்கு வந்து சேரவில்லை என்று நல்ல ஜெர்மனில் சொன்னார். ரேடியோவைச் சோதித்தார்கள், ஒரு குறையும் இல்லை. பிறகு உயரமானி பிழை என்றார். பிறகு திசைகாட்டி. எல்லாவற்றையும் சோதித்தாயிற்று. எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

நான் படிப்பித்த வகுப்புகளில் கணக்குப் பிழைவிடுகிற பிள்ளை பேனாவை உதறுவான். வேறு பேனா கேட்பான், கொடுப்போம். அதிலும் பிழைக்கும், இன்னொன்று கேட்பான். அந்த நேரத்தில் மேலும் ஒரு பேனா கொடுப்பது அன்பு இல்லை. பக்கத்தில் போய் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்மசுக்கு மெலனி வாங்கித் தந்த கோப்பி மெஷினில் இவரால் இன்னும் ஒரு கோப்பி போட ஏலாமல் இருக்கிறது. பழைய கேத்தலைத்தான் தேடுகிறார். அந்த வட்டக் கருவிகள் இவருக்குச் சொந்தக்காரர் முகங்கள் மாதிரி. அவற்றையும் கழற்றிவிட்டால் ஆகாயத்தில் இவருக்குத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

நினைவு மருத்துவரிடம் நவம்பரில்தான் டெர்மின், அதாவது சந்திக்க நாள், கிடைத்தது. அதைச் சொன்னபோது, “ரேடியோவைப் பாக்கச் சொன்னா, நீ என்னைப் பாக்கச் சொல்லுறியோ?” என்றார். இரண்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை.

மெலனிக்கு வேறு யோசனை. “அம்மா, கையெழுத்துப் போடட்டும். கழற்றிப் போட்டா வசந்தம் வரும்வரைக்கும் பிளேன் வெளிய வராது. அதுக்குள்ள அப்பா மறந்திடுவார்” என்கிறாள். புத்தியான யோசனைதான், நானும் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் அப்படி ஒன்றை நான் செய்து பார்த்துவிட்டேன், தம்பி. ஓகஸ்டில் விமானத்தின் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். வீடெல்லாம் தேடினார். கடைசியில் கட்டிலில் இருந்துகொண்டு, “இமெல்டா, எங்க வைச்சனெண்டு எனக்கே தெரியேல்லை. எனக்கு என்னவோ நடக்குது” என்று அழுதார். என் களவைத் தன் மறதி என்று நம்பிவிட்டார். பார்த்திருக்க முடியவில்லை. சாவியை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி, அவருடைய ஜக்கெற் பையில் போட்டேன். விமானத்தையும் அப்படி ஒளித்து, இல்லாத மறதியையும் இவர் தலையில் கட்ட என்னால் ஏலாது.

இனி ஒருமுறை நடந்தால் மேலதிகாரிகளுக்கு எழுதத்தான் வேண்டும், அவராகவே நிறுத்துவது நல்லது என்று பிரெண்ட்லே சொல்லிவிட்டார். இவர் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நானும் வலப்பக்கம் ஏறி இருக்கிறேன். ரேடியோ பேசுவதும் நான்தான். மடியில் செபமாலை. என்றைக்காவது இவர் கையும் மறந்துவிட்டால் எனக்கு இறக்கத் தெரியாது. கீழே வீடுகள் தெரிகின்றன, பள்ளிக்கூட முற்றங்கள் தெரிகின்றன. நான் கீழே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அதனால் கேட்கிறேன், நீங்கள் வாருங்கள். இந்த மாதம் முடியுமுன் வாருங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்து ஒருமுறை இவரோடு பறந்து வாருங்கள். ரேடியோவை இவரிடமே விட்டு, உங்கள் காதால் கேளுங்கள். இறங்கிய பிறகு, இருவரும் தனியே நிற்கையில், பிழை கருவியில் இல்லை என்று நீங்கள் சொல்லுங்கள். நீங்களும் விமானம் ஓட்டுகிறவர், நீங்கள் சொன்னால் இவர் கேட்பார். சாவியையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். நான் கிட்ட வர மாட்டேன்.

கோபப்படுவார். பிறகு உங்கள் பெயரையே எடுக்காமலும் விடலாம். அந்தக் கோபம் உங்கள்மேல் போகட்டும், தம்பி. இத்தனை வருசச் சிநேகிதத்துக்கு இப்படி ஒன்றைக் கேட்பது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் தெருவைக் கடக்கவும் சட்டைப் பொத்தானைப் பூட்டவும் இவர் பிடிக்கப் போவது என் கையைத்தான். அந்தக் கையை இவர் தட்டிவிடக் கூடாது.

மடுமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாள்.

உங்களைப் பார்த்திருக்கும்
இமெல்டா அக்கா